படிவத்தில் இல்லாத பீலி

மாலைதீவில் நான் மூன்று வருடம் பார்த்த வேலையை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. உல்லாச விடுதிக்காரர்கள் தீவின் ஓரத்தில் ஒரு படகுத்துறை போடுவார்கள், அல்லது கடலுக்கு மேல் நாலு மரக்குடில் கட்டுவார்கள். கட்டுவதற்கு முன்னால், அதனால் என்னென்ன கெடும் என்று பார்த்து எழுதிக் கொடுப்பது எங்கள் கம்பெனியின் வேலை. நான் தண்ணீருக்குள் இறங்கிப் பவளப்பாறைகளை எண்ணுவேன். கடல் கலங்கியிருக்கிறதா என்று போத்தலில் பிடித்துப் பார்ப்பேன். தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவளின் மகள், நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு மீன்களுக்காகக் கவலைப்பட்டாள் என்றால் யாரும் சிரிப்பார்கள். எனக்கே சிரிப்புத்தான்.

சின்னக் கட்டுமானங்களுக்கென்று கம்பெனியில் ஒரு சுருக்கமான படிவம் இருந்தது. கையில் வைத்திருக்கும் டெப்பின் திரையில் தட்டித் தட்டியே நிரப்பிவிடலாம். ‘அருகில் குடியிருப்போருக்குத் தண்ணீர் எங்கிருந்து?’ என்ற கேள்விக்குக் கீழே நாலு பெட்டி: கிணறு, ஆழ்கிணறு, குழாய், வெளியிலிருந்து கொண்டுவருவது. தீவுகளில் கடல்நீரைச் சுத்திகரித்துக் குழாயில் அனுப்புவதால், கண்ணை மூடிக்கொண்டு ‘குழாய்’ என்று தட்டுவோம். தட்டியதும் அடுத்த பத்துக் கேள்விகள் தாமாகவே மறைந்துவிடும். அந்த வசதி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஒப்பந்தம் முடிவதற்குள், எங்கள் தோட்டத்து மலை உச்சியிலேயே ஒரு விடுதி வரப்போகிறது என்றார்கள். ரயில் வளைந்து போவதைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆறு மரக்குடில்கள். அந்த வேலையும் எங்கள் கம்பெனிக்கே வந்தது, கம்பெனி என்னையே அனுப்பியது. ஊர்க்காரி, தமிழ் பேசுவாள், தங்க இடம் தேட வேண்டியதில்லை. படிவம் மட்டும் அதே தீவுப் படிவம். முதல் கேள்வியே, கடல் ஏறும் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பது. ‘பொருந்தாது’ என்று போட்டுவிட்டு, மலையில் நின்று தனியாகச் சிரித்தேன்.

லயத்துக்குக் கீழே பீலிக்கரையில் என் அத்தை, அப்பாவின் அக்கா, துணி அலசிக்கொண்டிருந்தாள். மலைக்குள் ஊறும் தண்ணீர் பாறை இடுக்கு வழியாக இறங்கி வந்து, ஒரு இரும்புக் குழாய்த் துண்டின் நுனியிலிருந்து இரவு பகலாகக் கொட்டும். அதுதான் பீலி. அதைத் திறக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம். குடிக்க, குளிக்க, சண்டை பிடிக்க, சம்பந்தம் பேச, எல்லாவற்றுக்கும் எங்களுக்கு அந்த ஒரே இடம்.

“என்ன மருமவளே, எல்லாத்தையும் எழுதுறியாமே. நம்ம பீலிய விட்றாத. மேல தோண்டுனா இங்க தண்ணி நின்னுரும்.”

“அத எழுதாம இருப்பேனா அத்தை?”

எழுதத்தான் செய்தேன். நாலு பெட்டியில் ஊற்றே இல்லை, பீலி எங்கே இருக்கப்போகிறது? எதிரே கொட்டுகிற குழாய்த் துண்டைப் பார்த்தேன். விரல் பழக்கத்தில் ‘குழாய்’ என்று தட்டியது. ஊற்று, சரிவு, தோண்டும் ஆழம் என்று கேட்க வேண்டிய பத்துக் கேள்விகளும் மறைந்தன. கீழே ஒரு வரி குறிப்பாவது எழுதியிருக்கலாம். மழை இருட்டிக்கொண்டு வந்தது, அத்தை தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டாள், டெப்பை மூடிவிட்டேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

அனுமதி சுருக்காகக் கிடைத்தது. பெக்கோ மெஷின் வந்து மேலே அத்திவாரம் தோண்டியது. பீலியில் முதலில் செம்மண் தண்ணீர் வந்தது, பிறகு நூல் போல இறங்கியது, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நின்றுவிட்டது. இப்போது எல்லோரும் கீழ் டிவிசன் வரைக்கும் கேன் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அத்தைக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. திரும்பி ஏறும்போது மூன்று இடத்தில் உட்காருகிறாள்.

அனுமதி கொடுத்த பதுளை அரசாங்கக் கந்தோருக்கு ஓடினேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனுஷன்தான். என் படிவம் இருந்த கோப்பை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

“தண்ணி குழாயில வருதுன்னு போட்டிருக்கு. இது உங்க கையெழுத்துத்தானே?”

“ஆமாங்க சேர். அது பீலிங்க. ஊத்துத் தண்ணி. நான்தான் தப்பாப் போட்டுட்டேன்.”

“விடுதிக்காரங்களும் இதத்தான் காட்டுறாங்க. அங்க ஊத்தே இல்ல, தோட்டத்துப் புள்ளயே எழுதிக் குடுத்திருக்குன்னு சொல்றாங்க. இனி மறுபடி ஆராய்ஞ்சாலும், காஞ்சு போன எடத்துல என்னத்தக் காட்டுவீங்க?”

கம்பெனிக்கும் எழுதினேன். முடிந்துபோன வேலை என்று ஒரு வரி வந்தது. மலைக்குள் அறுந்துபோன தண்ணீர் வழியை எந்தக் கந்தோரும் ஒட்டவைக்க முடியாது. அது எனக்கு நன்றாகவே தெரியும், அதைத்தானே படித்தேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நான் வாரிப் போட்டது லயத்தின் தலையில்.

போன மாதம் போயிருந்தபோது, முகம் கழுவச் சொல்லி அத்தை கேனிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றித் தந்தாள். வேண்டாம் என்றேன், விடவில்லை. பக்கத்து வீட்டுக் காம்பராக்காரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“படிச்ச புள்ள இருந்தும் நமக்கு என்ன பிரயோசனம்?” என்றாள்.

அத்தைக்கு வந்ததே கோபம்.

“ஏன்டி, அவ என்ன செய்வா? என் கண்ணு முன்னாடி நின்னு எழுதுனா. அவனுங்க படிக்கல.” என் பக்கம் திரும்பினாள். “இல்லையா மருமவளே?”

படித்தார்கள் அத்தை. ஓர் எழுத்து விடாமல் படித்தார்கள்.

“ஆமாத்தை,” என்று சொல்லிவிட்டு, அந்தத் தண்ணீரில் முகம் கழுவினேன்.