நைனா வழிமறித்த குமிழிகள்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் பெண் காவலர் வேலைக்குத் தேர்வாகியிருந்தேன். ஓட்டம், நீளம் தாண்டுதல், எழுத்துத் தேர்வு எல்லாம் முடிந்து உடல்தகுதிப் பரிசோதனையில் போய் மாட்டிக்கொண்டேன். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் எடுக்கவே இல்லை. இதயத்தில் ஏதோ கூடுதல் சத்தம் கேட்கிறதாம். ஓட்டை இல்லை என்று எக்கோ ஸ்கேன் எடுத்துச் சான்றிதழ் கொண்டுவந்தால் வேலை, இல்லாவிட்டால் வீட்டைப் பார்த்துப் போகலாம் என்றார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இத்தனை மாதம் விடியற்காலையில் எழுந்து ஓடியபோது இந்தச் சத்தம் எங்கே போயிருந்ததாம்.

நைனா கருங்குழியில் ஜிஎஸ்டி ரோட்டு ஓரமாக லாரிகளின் டீசல் பம்ப் பழுது பார்க்கும் மெக்கானிக்காக இருந்தார். எங்கள் குடும்பத்தில் அதுவரை ஒருவர்கூட அரசாங்கச் சம்பளம் வாங்கியதில்லை. ஆர்டர் கைக்கு வருமுன்னே, வருகிற டிரைவர்களிடமெல்லாம் "எம் பொண்ணு போலீசு" என்று தம்பட்டம் அடித்துவிட்டார். வேலை கைநழுவினால் அந்த ரோட்டில் எந்த முகத்தோடு நடப்பது?

செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். எக்கோ எடுத்த டாக்டரம்மா திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, இதயத்தின் நடுச்சுவரில் ஓர் இடம் சரியாகத் தெரியவில்லை என்றார்.

"ஒரு சின்ன டெஸ்ட் பண்ணிடலாம்மா. சலைனை நுரைக்கவெச்சு கை நரம்புல போடுவேன். குமிழி வலது பக்கத்தோட நின்னா ஓட்டை இல்ல. உடனே இடது பக்கமும் வந்துட்டா இருக்கு."

இரண்டு சிரிஞ்சுகளை ஒரு சின்னக் குழாயில் பொருத்தினார். சலைனோடு கொஞ்சம் காற்றையும் சேர்த்து இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்குமாகத் தள்ளினார். தண்ணீர் வெளுத்து நுரைத்தது. அதை என் கைக்குக் கொண்டுவந்தபோது நைனா எழுந்து குறுக்கே நின்றார்.

சொந்தத்தில் யாருக்குக் குளுக்கோஸ் ஏற்றினாலும் டியூபுக்குக் காவல் அவர்தான். உளுந்தளவு குமிழி தெரிந்தால் போதும், நர்சைக் கையோடு கூட்டிவந்துவிடுவார்.

"இன்னா டாக்டரம்மா பண்றீங்க? டீசல் லைன்ல ஏர் பூந்தா லாரியே நின்னுடும். அத்த வெளிய எடுக்கறதுதான் என் பொழப்பே. நீங்க இன்னாடான்னா உள்ள ஏத்தறீங்க."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நிறைய காத்து போனாதாங்க ஆபத்து. இது பொடிப்பொடிக் குமிழி. நுரையீரல்ல போய் நின்னு, மூச்சோட வெளிய வந்துடும்."

நைனா மசியவில்லை. "எய்ந்திரும்மா, வூட்டுக்குப் போலாம்," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஓடி ஓடி காலு தேஞ்சது எனக்கு. நீ கொஞ்சம் ஓரமா நில்லு நைனா," என்று படுத்தபடியே கத்தினேன். நகர்ந்தார். ஆனால் என் கால் கட்டைவிரலைப் பிடித்த பிடியை மட்டும் விடவில்லை.

டாக்டரம்மா மறுபடி நுரைக்கவைத்து ஊசியை ஏற்றினார். திரையில் கறுப்பாகக் கிடந்த வலது அறைகளில் ரவையைக் கொட்டியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் பொங்கி நிறைந்தன. இடது பக்கம் கறுப்பாகவே இருந்தது. மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லி இன்னொரு முறையும் போட்டுப் பார்த்தார். அப்போதும் கறுப்புதான்.

"ஓட்டை எதுவும் இல்ல. அது வெறும் சத்தம்தான். சர்டிபிகேட் தர்றேன்."

எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

பின்னாளில், எக்கோவுக்கென்றே உறை போட்டுச் செய்த குமிழிகள் இருப்பதாகப் படித்தேன். அவை நுரையீரலையும் தாண்டிப் போகுமாம். அவற்றில் மருந்தை ஏற்றி அனுப்பி, வேண்டிய இடத்தில் ஒலி அலையால் உடைக்கவும் முயல்கிறார்களாம். நல்லவேளை, இதெல்லாம் அன்று நைனாவுக்குத் தெரியாது.

பஸ்ஸில் உட்கார்ந்ததும், "மூச்ச வெளிய வுடு," என்றார்.

"இன்னாத்துக்கு?"

"மூச்சோட வந்துடும்னு அந்தம்மா சொல்ச்சே. மொத்தமும் வரட்டும். ஊது."

பஸ்ஸே எங்களைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு மானம் போயிற்று. "சர்டிபிகேட் கைல கீது நைனா. வேலை கெடச்ச மாதிரிதான். அத்தப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டியா?"

"வேல கெடக்குது வேல. உனுக்கு ஒண்ணு ஆய்ட்டா அத்த வச்சிக்கினு நான் இன்னா பண்றது? ஊதும்மா."

கருங்குழி வரும்வரை ஊதிக்கொண்டே வந்தேன்.