வாரத்துக்கு விட்ட பதிவேடுகள்

உள்ளறையிலிருந்து ஒரு தும்மல் சத்தம் கேட்டது.

கூடத்தில் பாயின் நுனியில் உட்கார்ந்திருந்த லட்சுமணன் கதவைத் திரும்பிப் பார்த்தார். சிறிது நேரத்தில் இன்னொரு தும்மல். மூன்றாவது தும்மலுக்குச் சாத்தியிருந்த கதவே அதிர்ந்தது.

"போச்சு! பதினோரு வருஷம் கண்ணு மூடாம காத்தாந்தேன். வசம்பு வாடைக்கே அந்த மேடம் கீழ எறங்கி ஓடிடும் போல இருக்குது" என்று முனகினார்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றாள் அடுப்படியிலிருந்த அவர் மனைவி பெரியம்மாள். "வூட்ல இருக்கிற சாமைக்கு ஒரு கை வசம்பு. உங்க கம்பெனிக்கு ஒரு படி. இன்னா நாயம் இது?"

உள்ளே இருந்தவள் நிவேதா. ஊர் மலைக்குக் கீழே கண்ணமங்கலம், வேலை சென்னையில், பழைய ரயில் கம்பெனிகளின் காகிதங்களைத் தேடிச் சேர்க்கும் ஓர் அறக்கட்டளையில். காலையில் ஜீப்பில் வந்து இறங்கியவள் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கையில் உறை, முகத்தில் மூடி, கழுத்தில் கேமரா. அறுவை சிகிச்சைக்குப் போகிற டாக்டரைப் போல அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே நோயாளியின் உறவுக்காரர் போல லட்சுமணன் உட்கார்ந்துவிட்டார்.

அந்த அறையைப் பற்றிச் சொல்வதென்றால் லட்சுமணனைப் பற்றித்தான் சொல்லியாக வேண்டும். இரண்டும் வேறு வேறல்ல.

ஜவ்வாது மலையில் வேங்கைக்கொல்லை என்கிற இந்தச் சின்ன ஊரில் பிறந்து, எட்டாவது முடித்து, இருபத்திரண்டு வயதில் கீழே இறங்கினார் லட்சுமணன். கிடைத்தது ஒரு பதிவேட்டு அறையில் உதவியாளர் வேலை. பாலாற்று ரயில்வே கம்பெனி என்று ஒரு காலத்தில் ஒரு கம்பெனி இருந்தது. வெள்ளைக்காரன் போவதற்கு முன்பே அதை இழுத்து மூடிவிட்டார்கள். தண்டவாளம் ஒருவர் கைக்குப் போயிற்று, என்ஜின் ஒருவர் கைக்குப் போயிற்று. யாருக்கும் வேண்டாத காகிதம் மட்டும் நாலு அறை நிறையக் கிடந்தது. அந்த அநாதைகளுக்குத் தாயும் தகப்பனுமாக முப்பத்தோரு வருஷம் இருந்தவர் லட்சுமணன்.

ஊரில் அவரை ரயில் ஓட்டுகிறவர் என்றே நம்பினார்கள். ரயில் எப்படிக் கூவும் என்று கல்யாண வீட்டில் பிள்ளைகள் கேட்டால் அவரும் கூவிக் காட்டுவார். உள்ளதைச் சொன்னால், அவர் வாழ்நாளில் ரயில் ஏறியது நாலே தடவை. அதில் ஒரு தடவை தவறான ரயில்.

எதையும் எண் போட்டு அடுக்கி வைப்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. "கல்யாணமான மூணாம் நாளு என் ஏழு பொடவைக்கும் நம்பர் போட்டவருங்க இவரு. ஏழாம் நம்பரக் கட்டுனா ஒண்ணாம் நம்பர் எங்கன்னு கேப்பாரு" என்று பெரியம்மாள் இன்றும் சொல்லிச் சிரிப்பாள். அன்று அழுதாளாம்.

பதினோரு வருஷத்துக்கு முன் அந்தக் கட்டடத்தை இடிக்க உத்தரவு வந்தது. காகிதங்களையெல்லாம் கூழாக்க ஒரு லாரி வந்து நின்றது. கண் எதிரே நாலு அறையும் காலியாகிக்கொண்டிருந்தபோது, ஒரு அலமாரியின் குறுக்கே போய் நின்றார் லட்சுமணன். அதில் இருந்தவை மர டிப்போப் பதிவேடுகள், முப்பத்தேழு. தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளுக்காகக் கம்பெனி மரம் வாங்கியது இந்த மலையில்தான். எந்த ஊரில் எத்தனை மரம், வெட்டியது யார், சுமந்தது யார் என்று எல்லாம் அதில் இருந்தது. கையெழுத்துத் தெரியாதவர்கள் வைத்த கைநாட்டு பக்கம் பக்கமாக.

"சார், இதுல எங்க பாட்டனுங்க வெரலு இருக்குது சார். வெரலக் கூழாக்கிடாதீங்க சார்" என்று அவர் கதறியதைக் கேட்டு லாரிக்காரனே பீடியைக் கீழே போட்டுவிட்டான். மேலதிகாரி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: 'கேட்கும்வரை பத்திரமாக வைத்திருக்கவும்.' முப்பத்தேழையும் மலைக்குக் கொண்டுவந்து தன் வீட்டு உள்ளறையில் அடுக்கினார் லட்சுமணன்.

அந்தக் 'கேட்கும்வரை'க்காகத்தான் அவர் காத்திருந்தார். வருஷம் தவறாமல் ஒரு கடிதம் போட்டார்: 'பதிவேடுகள் முப்பத்தேழும் நலம். தாங்கள் எப்போது வந்து பெற்றுக்கொள்வீர்கள்?' பத்துக் கடிதங்களுக்குப் பதில் இல்லை. பதினோராவது கடிதம் எந்தெந்த மேஜையிலோ ஏறி இறங்கி நிவேதாவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

கதவு திறந்தது. நிவேதாவின் கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன. லட்சுமணன் எழுந்து நின்றார்.

"ஐயா" என்றாள். தொண்டை கரகரத்தது. "ஒரு பூச்சி அரிப்புகூட இல்ல. எங்க குளிர்சாதன அறையில வெச்சதுகூட இப்படி இல்ல. இன்னா பண்ணீங்க?"

"சாமைக்கு இன்னா பண்ணுவோமோ அதாங்க. வசம்புத் தூளு, நொச்சி இல. மாசி மாசம் பாறையில புளி காயும். அப்படியே பக்கத்துல நெழல்ல இதையும் ஒரு நாளு திருப்பிப் போடுவேன்."

"திருப்பிப் போடுவாரு, தலமாட்டுல உக்காந்து கொடையும் புடிப்பாரு. நான் வெய்யில்ல நிப்பேன்" என்றாள் பெரியம்மாள்.

நிவேதா சிரித்தாள். பிறகு கையிலிருந்த பட்டியலைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"ஆனா இருபத்தஞ்சுதான் இருக்குது. மீதி பன்னெண்டு எங்கங்க?"

லட்சுமணன் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"முப்பத்தேழும் சேந்து இருந்தாத்தான் எங்க காப்பகத்துல தனி வரிசை எண் குடுப்பாங்க ஐயா. ஒண்ணு கொறஞ்சாலும் உதிரின்னு எழுதி வெளிக்கெடங்குல போட்டுடுவாங்க. நான் சொல்லிப் பாக்கலாம், கேக்க மாட்டாங்க. நாலு மணிக்குள்ள நான் எறங்கணும்."

கிடங்கு! அந்தச் சொல் லட்சுமணனின் நெஞ்சில் கடப்பாறை போல் இறங்கியது. கிடங்கு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாதா? கிடங்குக்குப் போன எதுவும் இதுவரை கிடங்கிலிருந்து திரும்பியதில்லை.

"வருது மேடம், வந்துக்குனே இருக்குது" என்றார். எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அது ஒன்பது வருஷத்து ரகசியம். அந்த வருஷம் ஐப்பசியில் மழை பிடித்தது பிடித்தபடி பதினைந்து நாள் விடவில்லை. அறையின் மேற்குச் சுவர் ஊறி, அதை ஒட்டியிருந்த பன்னிரண்டு பதிவேடுகளுக்கு ஆபத்து வந்தது. சாக்கில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வீடு வீடாக ஓடினார். யாரும் வாங்கவில்லை. "நமக்கு எதுக்குண்ணா கம்பெனி சமாச்சாரம், எலி கடிச்சா யாரு பதில் சொல்றது?" என்று கதவை ஒருக்களித்தார்கள். அப்போதுதான் அவர் வாயில் அந்தச் சொல் வந்தது.

"சும்மா இல்ல. வாரத்துக்கு வெச்சுக்க."

இந்தப் பக்கத்தில் ஆடு உள்ளவர், இல்லாதவர் வீட்டில் ஒரு பெட்டையை வளர்க்க விடுவார். அதுதான் வாரம். தாய் ஆடு என்றைக்கும் சொந்தக்காரருடையது. போடுகிற குட்டியில் பாதி வளர்த்தவருக்கு. சும்மா கொடுத்த பொருளை மூலையில் போட்டுவிடுவார்கள். வாரத்துக்கு விட்டதைப் பிள்ளையைப் போலப் பார்ப்பார்கள். அன்று பன்னிரண்டு வீட்டுக் கதவும் அகலத் திறந்தது. பதிவேடு எப்படிக் குட்டி போடும் என்று மழையில் நின்று யாரும் கேட்கவில்லை. லட்சுமணனும் அதை யோசிக்கவில்லை. ஒவ்வொரு மழைக்கும் அந்தச் சுவர் ஊறியதால் அவை அந்தந்த வீட்டிலேயே தங்கிவிட்டன.

மூன்று மணிக்கு வாசலில் பேச்சரவம் கேட்டது. லட்சுமணன் காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்த பன்னிரண்டு வீட்டாரும் வந்துவிட்டார்கள். முன்னால் அம்மாக்கண்ணு. ஐம்பது வயசு, புருஷன் இல்லை, பேச்சில் அவளை ஜெயித்தவரும் இல்லை. வந்தவர்கள் பதிவேடுகளைக் கொடுக்கவில்லை. அவரவர் மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக முற்றத்தில் உட்கார்ந்தார்கள். ஒன்றுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கதம்பம் சாத்தியிருந்தது. ஒன்றுக்குக் குழந்தையின் பூப்போட்ட சட்டைத்துணியில் உறை தைத்துப் போட்டிருந்தது. டீக்கடை ராஜ்குமார் கொண்டுவந்தது மட்டும் லேசாக இஞ்சி வாசனை அடித்தது.

"குடும்மா தங்கச்சி" என்று கை நீட்டினார் லட்சுமணன்.

"குடுக்கிறேன்ண்ணா. வாரத்த முடிச்சுட்டு வாங்கிக்க."

"இன்னா வாரம்?"

"இன்னா வாரமா?" அம்மாக்கண்ணு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டீங்களா? ஒம்போது வருஷம் வளத்துருக்கேன்ண்ணா. எலிக்குப் பயந்து பூன வளத்தேன். அந்தப் பூனைக்குப் பாலு ஊத்துனேன். போன மழைக்கு என் தல மேல ஒழுகுச்சு, இது தல மேல ஒரு சொட்டு ஒழுகல. என் பங்கு எங்க?"

"ஆமாண்ணா, எங்க பங்கு?" என்றான் ராஜ்குமார்.

"ஏண்டா, பொஸ்தகம் குட்டி போடுமாடா?"

"போடாதுன்னு அன்னிக்குச் சொன்னீங்களா?"

நீட்டிய கையை லட்சுமணன் இழுத்துக்கொண்டார். மணி மூன்றேகால். ஜீப் டிரைவர் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு ஹாரனை ஒரு முறை தட்டிப் பார்த்தான். இருபத்தைந்து ஒரு பக்கம், பன்னிரண்டு ஒரு பக்கம், நடுவில் கிடங்கு! உடன்பிறந்த முப்பத்தேழையும் பிரித்து அநாதை விடுதிக்கு அனுப்புகிற பாவம் தன் தலையிலா விடிய வேண்டும்? அவர் கண்ணில் நீர் முட்டியது.

"மேடம்" என்று நிவேதாவின் பக்கம் திரும்பி, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "தப்பு என்னுதுங்க. இவங்களுக்குப் பொய்யி சொல்லித்தான் வெச்சேன். எழுதணும்னா என் பேரப் போட்டு எழுதுங்க. அதுங்களக் கெடங்குல போட்ராதீங்க."

"தா, நிமுந்து நில்லுங்க, குனியாதீங்க" என்று உள்ளேயிருந்து பெரியம்மாள் பதறினாள். பதினோரு வருஷமாக அந்தப் பதிவேடுகளைச் சக்களத்தி என்று வைதவள் அவள்.

நிவேதா படியில் இறங்கி அம்மாக்கண்ணுவின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். கண்ணமங்கலத்துப் பெண்ணுக்கு வாரம் தெரியாதா என்ன? அவள் மாமன் வீட்டிலேயே இரண்டு மாடு வாரத்தில் வளர்ந்தது.

"யக்கா, இத நான் அங்க கொண்டும் போய் இன்னா பண்ணுவேன் தெரியுமா? ஒவ்வொரு பக்கமும் போட்டோ எடுப்போம். அப்புறம் இதே சைசுல, இதே மாதிரி இன்னொண்ணு அடிச்சு பைண்டு பண்ணி வெப்போம். படிக்க வர்றவங்களுக்கு அந்தப் புதுசத்தான் குடுப்போம். இதத் தொட விட மாட்டோம்."

அம்மாக்கண்ணு நெற்றியைச் சுருக்கினாள். "இதே மாதிரின்னா? எங்க தாத்தன் கைநாட்டு?"

"அப்படியே வரும். ரேகைகூடத் தெரியும்."

"இதுலருந்துதான் அது வரும்?"

"ஆமாக்கா."

ராஜ்குமார்தான் மெல்ல வாயைத் திறந்தான். "யக்கா... அப்ப அது குட்டிதான?"

"குட்டியேதான்!" என்று தொடையில் தட்டினாள் அம்மாக்கண்ணு. "தாயி போவட்டும், அது சொந்தக்காரங்களுது. குட்டி என் வூட்டுக்கு வரணும். ஏம்மா, ஒரு ஈத்துக்கு எத்தினி போடும்?"

"எத்தனை வேணும்னாலும் அடிக்கலாமே" என்று சொல்லிவிட்டாள் நிவேதா, யோசிக்காமல்.

முற்றம் கொந்தளித்தது. அப்படியானால் பாதி எங்களுக்கு என்றது ஒரு குரல். என் மச்சான் கலசப்பாக்கத்தில் இருக்கிறான், அவனுக்கு ஒன்று என்றது இன்னொரு குரல். பேத்தி கல்யாணத்துக்குச் சீராக ஒன்று வேண்டுமென்றார் ஒரு பெரியவர். முப்பத்தோரு வருஷம் அநாதைகளைக் காத்த மனிதர் அப்போதுதான் நிமிர்ந்தார்.

"ஒதுங்குங்க எல்லாம்! மொத ஈத்து. ஒரு வூட்டுக்கு ஒரு குட்டி. அவ்ளோதான். வாரத்துக்கு விட்டவன் நான், பங்கு பிரிக்கிறதும் நான்தான்."

அடங்கினார்கள். ஆனால் அம்மாக்கண்ணு மடியை விடவில்லை. "செனை ஆட்ட ஓட்டிக்கினு போறீங்க. குட்டி வரும்னு இன்னா அத்தாட்சி?"

நிவேதா தன் நோட்டைத் திறந்து, பன்னிரண்டு சீட்டுக் கிழித்தாள். ஒவ்வொன்றிலும் பதிவேட்டின் எண், வீட்டுக்காரர் பெயர், 'இதன் நகல் ஒன்று இவருக்குச் சேர வேண்டியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். லட்சுமணன் ஒவ்வொரு சீட்டையும் வாங்கி எண்ணைச் சரிபார்த்தார். ஏழாவது சீட்டில் ஓர் எண் மாறியிருந்தது. கிழித்து வேறு எழுதச் சொன்னார். அம்மாக்கண்ணு சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டு, பதிவேட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக் கொடுத்தாள்.

அப்புறம் ஒரு கல்யாண வீடு கலைகிற மாதிரிதான் இருந்தது. ஒவ்வொன்றாக ஜீப்பில் ஏற்றினார்கள். டிரைவர் கதம்பத்தை எடுத்துப் போடப் பார்த்தான். நாலு பேர் கத்தினார்கள். கதம்பம் அப்படியே போயிற்று. பெரியம்மாள் எதற்கென்று தெரியாமல் ஒரு பை சாமையை நிவேதாவின் கையில் திணித்தாள். "வசம்பு கொஞ்சமா போடச் சொல்லும்மா அங்க" என்றாள். சொல்லிவிட்டுக் காலியான அறையைத் திரும்பிப் பார்த்தாள். இனிமேல் யாரை வைவது?

ஜீப்பின் மேல் வைத்து நிவேதா பற்றுச்சீட்டை எழுதினாள். லட்சுமணன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். பெற்றுக்கொண்டது: முப்பத்தேழு. குறைவு: இல்லை. 'இல்லை' என்ற சொல்லில் அவர் விரல் நின்றுவிட்டது. கீழே பாதுகாப்பாளர் என்று போட்டிருந்த இடத்தில் அவர் பெயர் இருந்தது. முப்பத்தோரு வருஷத்தில் எந்தக் காகிதத்திலும் அந்த இடத்தில் அவர் பெயரை யாரும் எழுதியதில்லை.

"வர்றேங்க ஐயா."

"போய்ட்டு வாம்மா. வளைவுல மெதுவா போவச் சொல்லு. முப்பத்தேழு பேரு இருக்கிறாங்க உள்ள."

ஜீப் புளியமரத் திருப்பத்தில் மறைந்தது. ஊரார் சீட்டைப் பேசிக்கொண்டே கலைந்தார்கள். லட்சுமணன் மட்டும் நிலைப்படியில் பற்றுச்சீட்டைப் பிடித்தபடி, மகளை அனுப்பிய தகப்பனாகச் சாலையைப் பார்த்து நின்றார். கண்ணீர் தாடையில் வழிந்து சட்டையில் விழுந்தது. சீட்டில் விழாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"எவ்ளோ நேரம் நிப்பீங்க?" பெரியம்மாள் ஒரு மூட்டைச் சாமையைக் காலியான அறைக்குள் இழுத்துக்கொண்டிருந்தாள். "கோழி உள்ள வருது பாருங்க. கதவச் சாத்துங்க."

லட்சுமணன் கோழியை விரட்டிவிட்டு, கதவைச் சாத்தினார்.