அஞ்சாவது சக்கரம்

எனக்குக் கோபம் முன்னால் வரும், புத்தி அதன் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. மற்றவர்கள் சொன்னால் கூட்டித்தான் சொல்வார்கள். மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள்ளிருந்து சண்டை போட்ட அவசரகாலத்தில் ரெம்பாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தின் ஒர்க்‌ஷாப்பில் நான் ஃபிட்டராக இருந்தேன். அதற்கு முன்னால் ஏழு வருஷம் ரப்பர் மரத்தில் பால்வெட்டு. விடியுமுன் உளியைத் தூக்கிக்கொண்டு ரப்பர் காட்டுக்குள் போகிற வேலையிலிருந்து தப்பி வந்தவனுக்கு, ஸ்பானரைப் பிடிப்பது எவ்வளவு பெரிய பதவி என்று சொல்ல வேண்டியதில்லை. அதிலும் அந்த வருஷங்களில் மரங்களுக்கு நடுவே நிற்பது யார், அவர் கையில் இருப்பது யாருடைய துப்பாக்கி என்று எவருக்கும் தெரியாது. என் மனைவி மட்டும் பால்வெட்டிலேயே இருந்தாள். ஒவ்வொரு நாளும் அவள் திரும்பி வருகிறவரை எனக்கு வேலையில் பாதிக் கண்தான்.

தோட்டத்தின் ஒரு பகுதியாகக் காட்டோரம் இருந்த டிவிஷனை மூடி, அங்கிருந்த தொழிலாளர் லயத்து வீடுகளைப் பலகை பலகையாகப் பிரித்து, தொழிற்சாலைக்குப் பக்கத்தில் கம்பி வேலிக்குள் கொண்டுவந்து கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்கு ஜனங்கள் அரிசி கொடுத்துவிடக் கூடாது என்று தோட்டம் தோட்டமாக வேலி போட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டில் எல்லாரையும் சோதனை போடுவார்கள். என்னுடைய கிரீஸ் டின்னைக்கூட விடமாட்டார்கள். உள்ளே அரிசி இருக்கிறதா என்று குச்சியை விட்டுக் கிண்டிப் பார்ப்பார்கள். அப்புறம் அந்தக் குச்சியைத் துடைக்க என் சட்டையைத் தேடுவார்கள்.

லயத்து உத்திரங்கள் நல்ல நீளம். தோட்டத்து லோரியில் ஏற்றினால் பாதி வெளியே தொங்கும். அதனால் தோட்ட மானேஜரான பெரிய துரை, ராணுவம் கழித்துப்போட்ட கனத்த லோரி ஒன்றையும் நீளமான டிரெய்லர் ஒன்றையும் வாங்கிவிட்டார். இரண்டையும் பிணைக்கிற இரும்பு ஒரு மரப்பெட்டியில் தனியாக வந்தது. அதை லோரிச் சட்டத்தில் உட்கார வைக்க வேண்டும். இஞ்சினியர் துரை சிரம்பானுக்கு அனுப்பிச் செய்யலாம் என்றுதான் நினைத்தார். நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி, இங்கேயே முடியும் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "செய். கெடுத்தால் நாளைக்கே உளி," என்றார்.

பெட்டியின் மேல் 'பிஃப்த் வீல்' என்று எழுதியிருந்தது. சக்கரம் என்று பெயரே தவிர அது சுற்றாது, உருளாது. தோசைக்கல்லை நாலு மடங்கு பெரிதாக்கி, பின்பக்கம் ஒரு பிளவு விட்ட மாதிரி ஒரு தட்டு. டிரெய்லரின் அடியில் கட்டைவிரல் போல ஒரு முளை தொங்கும். லோரி பின்னால் வரும்போது அந்த முளை பிளவுக்குள் நுழையும். உள்ளே இருக்கும் இரண்டு தாடைகள் அதைக் கவ்விக்கொள்ளும். லோரிக்கு ஏற்கெனவே ஆறு டயர். இது எந்தக் கணக்கில் ஐந்தாவது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் வீட்டில் சாப்பிடும்போது மனைவியிடம் பெருமையாகத்தான் சொன்னேன்.

"எல்லா வண்டிக்கும் சக்கரம் கடையில வரும். இந்த அஞ்சாவது சக்கரம் நான் வைக்கிறதுலா."

"அது எங்கெ இருக்கும்?"

"நடு முதுகுல. அது இல்லாட்டி வண்டி போவாது."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

ஐந்து நாள் வேலை. முதலில் லோரியின் மரத்தொட்டியைக் கழற்றி, சட்டத்தைச் சுரண்டி, வெடிப்பு இருக்கிறதா என்று மண்ணெண்ணெய் தடவிப் பார்த்தேன். பிறகு இடம் பார்க்க வேண்டும். தட்டு பின் அச்சுக்கு நேர்மேலேயும் இருக்கக் கூடாது, பின்னாலேயும் இருக்கக் கூடாது. கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால் பாரம் ஏறியதும் லோரி மூக்கைத் தூக்கிவிடும், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கேட்காது. நூல் கட்டி, சுண்ணாம்பில் கோடு போட்டு, மூன்று தரம் அளந்தேன். சட்டத்தின் மேல்விளிம்பில் ஓட்டை போடவே கூடாது, வெல்டிங் நெருப்பும் காட்டக் கூடாது. பாரம் அங்கேதான் இழுக்கும், ஓட்டை இருந்தால் அங்கிருந்தே கிழியும். பக்கச் சுவரில் மட்டும், கை டிரில்லில், ஒரு ஓட்டைக்கு ஒரு மணி நேரம் என்று போட்டேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. சட்டத்தின் இரு பக்கமும் கோண இரும்பு வைத்து, போல்ட்டுகளைப் பூட்டி, மறுநாள் காலையில் இரும்பு குளிர்ந்திருக்கும்போது மறுபடியும் இறுக்கினேன். தட்டை அசைத்துப் பார்த்த இஞ்சினியர் துரை ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஆறாம் நாள் மத்தியானம் பால் எடுத்துக் கொடுத்துவிட்டு ஜனங்கள் திரும்பியிருந்தார்கள். சாமி கும்பிடாமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்று லோரி டிரைவர் சொல்லிவிட்டார். சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, கூடையிலிருந்த எலுமிச்சம்பழத்தை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். லோரிச் சக்கரம், டிரெய்லர் சக்கரம் ஒன்று விடாமல் ஆளாளுக்கு ஒரு பழத்தை வைத்தார்கள். முதலில் லோரியைப் பின்னால் எடுத்து டிரெய்லரோடு பூட்ட வேண்டும், பிறகு முன்னால் ஓட்ட வேண்டும். சக்கரத்துக்கு முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்று ஒரு வாக்குவாதம் நடந்து, இரண்டு பக்கமும் வைக்கலாம் என்று முடிவாயிற்று.

லோரி பின்னால் வந்தது. முளை பிளவுக்குள் போனது, 'டொக்' என்று சத்தமும் கேட்டது. தாடையைப் பூட்டுகிற கைப்பிடி தானாக உள்ளே போய் உட்கார வேண்டும். போனது, ஆனால் முழுதாகப் போகவில்லை; ஒரு விரற்கடை வெளியே நின்றது. புதுசு, இறுக்கமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். முறைப்படி அப்போது நான் தரையில் படுத்து, தாடை முளையைக் கவ்வியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கழுத்தில் பூஜையில் போட்ட மாலை, எதிரே பெரிய துரை, சுற்றிலும் பாதித் தோட்டம். அழுக்கில் படுக்க மனம் வரவில்லை. சுத்தியலை எடுத்துக் கைப்பிடியில் ஒரு போடு போட்டேன். உள்ளே போன மாதிரி இருந்தது. தனியாக நிற்கும்போது டிரெய்லரைத் தாங்கும் முன்கால்களைச் சுழற்றித் தூக்கிவிட்டு, டிரைவருக்குக் கை காட்டினேன்.

கேட்டு அறுபது எழுபது அடி தூரம். அங்கே ஒரு சின்ன மேடு. லோரி மேட்டில் ஏறியதும் முளை நழுவி வெளியே வந்தது. டிரெய்லரின் மூக்கு 'தடார்' என்று தரையில் விழுந்து மண்ணை உழுது நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் டிரெய்லர் கேட்டுக்குக் குறுக்கே பாதி உள்ளே, பாதி வெளியே கிடந்தது. சாயங்காலம் ஊரடங்குக்குள் கேட்டைப் பூட்டியாக வேண்டும். கேட்டுப் பக்கத்துக் காவல் நிலையத்திலிருந்து, ஜனங்கள் மாத்தா துரை என்று சொல்கிற வெள்ளைக்கார போலீஸ் துரை இறங்கி வந்தார். இஞ்சினியர் துரை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே உளி தெரிந்தது.

இப்போது படுத்தேன். தட்டின் பிளவுக்குள், தாடைக்கு இடையில், கிரீஸோடு கிரீஸாக மஞ்சள் தோலும் விதையும் நசுங்கிக் கிடந்தன. எலுமிச்சம்பழம். அது அடைத்துக்கொண்டதால்தான் தாடை முழுதாக மூடவில்லை.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. என் போல்ட்டில் குறையில்லை, என் அளவில் குறையில்லை. அடுத்த நொடி கோபம் வந்தது. தோலைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். என்ன நடந்தது என்று போலீஸ் துரை கேட்டார். தோட்டத்துக் கணக்கரான கிராணியார் மொழிபெயர்க்கும் வரை நான் காத்திருக்கவில்லை. ஒரே ஒரு இங்கிலீஷ் சொல் சொன்னேன்: "சபோட்டாஜ்."

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸில் அந்தச் சொல் இருந்தது. கிராணியார் தமிழில் நாசவேலை என்று படித்துக் காட்டுவார். இங்கிலீஷில் என்ன என்று நான்தான் தனியாகக் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தேன். அந்தச் சொல்லுக்காக ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். கோர்ட்டு கிடையாது, போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்ற கணக்கும் கிடையாது. எல்லாம் தெரிந்துதான் சொன்னேன். என் வேலை போகக் கூடாது, அவ்வளவுதான் அப்போது என் மனதில். போலீஸ் துரை பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். நான் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன்.

"எவன்டா இதுக்குள்ள பழத்த வச்சது? தைரியம் இருந்தா முன்னுக்கு வா."

கூட்டம் விலகியது. தலைத்துண்டில் பால் கறையோடு என் மனைவி முன்னால் வந்தாள்.

"நான்தாங்க வச்சேன்," என்றாள்.

ஏன் என்று போலீஸ் துரை கேட்க, கிராணியார் தமிழில் கேட்டார்.

"அதுவும் சக்கரந்தானுங்களே, ஐயா."

இதை எப்படி இங்கிலீஷில் சொல்வது என்று தெரியாமல் கிராணியார் என்னைப் பார்த்தார். பென்சில் நோட்டின் மேல் காத்துக்கொண்டிருந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அந்தக் கொஞ்சப் புத்தி அப்போதுதான் வந்து சேர்ந்தது. எனக்குத் தெரிந்த உடைந்த இங்கிலீஷில் சொன்னேன்: நாசவேலை இல்லை, நான் சொன்னது தப்பு. நாங்கள் புது வண்டிச் சக்கரத்துக்குப் பழம் வைப்போம். இதற்குச் சக்கரம் என்று பெயர் சொல்லிக் கொடுத்தவன் நான். பூட்டும்போது படுத்துப் பார்க்க வேண்டியவனும் நான், பார்க்கவில்லை. கைப்பிடி முழுதாகப் போகவில்லை என்று தெரிந்தும் சுத்தியலால் அடித்தேன்.

சக்கரம் என்றதும் இஞ்சினியர் துரைக்குச் சிரிப்பு வந்தது. சுத்தியல் என்றதும் அது போய்விட்டது. நான் சுத்தியலால் அடித்தபோது அவர் கேட்டுப் பக்கம் நின்றிருந்தார், பார்க்கவில்லை. நான் சொல்லாவிட்டால் தெரிந்திருக்காது. போலீஸ் துரை என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எழுதாமலே நோட்டை மூடினார்.

ஜாக்கி வைத்து டிரெய்லரைத் தூக்கி, தாடையைக் கழுவி, மறுபடி பூட்டி, இந்தத் தரம் மண்ணில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். வெளிச்சம் இருக்கும்போதே கேட்டைப் பூட்டிவிட்டார்கள். அந்தச் சட்டத்தில் நான் போட்ட போல்ட்டு ஒன்றுகூடக் கடைசி வரை தளரவில்லை. அத்தனை லயத்தையும் அதுதான் சுமந்தது. எனக்கு மூன்று மாதம் பால்வெட்டு.

வீட்டுக்கு நடந்து போகும்போது அவளே பேசினாள்.

"எல்லாச் சக்கரத்துக்கும் ஆளாளுக்கு வச்சாங்க. நீங்க செஞ்ச சக்கரத்துக்கு மட்டும் யாரும் வைக்கல. பாக்கவே ஒரு மாதிரியா இருந்திச்சு. அதான் வச்சேன்."

கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்.

"நான் முன்னுக்கு வர்றதுக்கு முந்தி அந்த மாத்தா துரைகிட்ட இங்கிலீஷுல ஒரு வார்த்த சொன்னீங்களே. அவரு ஒடனே புஸ்தகத்த எடுத்தாரு. என்னா அது?"

"'என் தப்பு'ன்னு சொன்னேன்," என்றேன்.

அவள் நம்பினாள். மறுநாளிலிருந்து விடியுமுன் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கேட்டைத் தாண்டிப் போனோம். மூன்று மாதம் கழித்து என்னை ஒர்க்‌ஷாப்புக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவள் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். தோட்டத்தை விட்டு சிரம்பான் பக்கத்து ரஹாங்குக்குக் குடிவந்த பிறகும், வீட்டுக்கு வந்த மருமக்களிடம், பேரப்பிள்ளைகளிடம் சொன்னாள். "யாரு வச்சான்னு தெரியுறதுக்கு முந்தியே, என் தப்புன்னு தன் தலையில போட்டுக்கிட்டாரு. அப்படிப்பட்ட மனுஷன்" என்று முடிப்பாள். அவள் கண்ணை மூடும்வரை நான் அதைத் திருத்தவில்லை. கேட்டவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதை அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.