புதுக் கணினியில் எல்லாம் சிவப்பு

அலுவலகத்தில் அவளை எல்லாரும் அண்ணி என்றே கூப்பிட்டார்கள். வேலை வாங்கிக் கொடுத்த நாத்தனார் முதல் நாளே எல்லார் முன்னும் அப்படி அழைத்ததில், மேலாளர் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. நாத்தனார் லிப்ட் கதவுகளை இயக்கும் மென்பொருளை எழுதுபவள். பலர் எழுதியதை ஒன்றுசேர்த்து, சோதனைகளை ஓட்டி, தேறியதா இல்லையா என்று சொல்லும் கணினி அண்ணியின் பொறுப்பு.

அன்று காலை திரை முழுக்கச் சிவப்பு. ஒரு சோதனைகூடத் தேறவில்லை. மாலைக்குள் வாடிக்கையாளருக்கு அனுப்பியாக வேண்டும். மேலாளர் நாத்தனாரின் மேசைக்குப் போய், என்னத்தை எழுதித் தொலைத்தாய் என்பதுபோல் நின்றார். அவள் தன் கணினியில் ஓட்டிக் காட்டினாள், எல்லாம் பச்சை.

"என் ப்ரோக்ராம்ல தப்பில்ல சார். அண்ணியோட மெஷினைப் பாருங்க."

ஒரே வீட்டில் இருக்கிறவள் நாலு பேர் முன்னால் சொன்னது அண்ணிக்குச் சுருக்கென்றது. போன வாரம் பழைய கணினியை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தவளும் அண்ணிதான்.

அவள் பிழைச் செய்திகளை வரி வரியாகப் படித்தாள். சோதனைகளை ஓட்டும் கட்டளை வரிகளான ஸ்கிரிப்டில், முடிவு சரியா என்று ஒப்பிடும் இடத்தில் வரும் இரட்டைச் சதுர அடைப்புக்குறி தனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தது புதுக் கணினி. கட்டளைகளை வாங்கிச் செய்யும் ஷெல் எல்லாக் கணினியிலும் ஒன்றல்ல. பழையதில் 'எஸ்ஹெச்' என்று கூப்பிட்டால் பாஷ் என்ற ஷெல் வந்து நிற்கும். புதியதில் அதே பெயருக்கு வேறொரு சிக்கனமான ஷெல் வந்து நின்றது. அதற்கு அந்தக் குறி புரியாததால், எல்லாமே தோல்வி என்ற பக்கம் விழுந்துவிட்டது.

அவள் எழுந்து போய் மேலாளரிடம் உள்ளதைச் சொன்னாள். ஷெல்லைச் சரிபார்க்காமல் விட்டது தன் தப்பு என்றும் சொன்னாள். நாத்தனார் நாற்காலியில் சாய்ந்தாள். மேலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியென்றால் அனுப்பிவிடலாம் என்று போனை எடுத்தார்.

"இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துட்டு அனுப்பலாம் சார்," என்றாள் அண்ணி.

"அதான் தப்பு மெஷின்லன்னு நீங்களே சொல்லிட்டீங்களே?"

"சிவப்பு பொய்னுதான் சொன்னேன். எல்லாம் பச்சைன்னு சொல்லலையே."

மேலாளர் போனை வைக்கவுமில்லை, அழைக்கவுமில்லை. அண்ணி, ஸ்கிரிப்ட் பாஷ் ஷெல்லையே கூப்பிடும்படி மாற்றி ஓட்டினாள். பச்சை ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கியது. நாத்தனாரும் வந்து பின்னால் நின்றுகொண்டாள். கடைசிக்குச் சற்று முன்னால் ஒன்று மட்டும் சிவப்பாகவே நின்றது. மூடும் கதவுக்குக் குறுக்கே கை வந்தால் கதவு திரும்பத் திறக்க வேண்டும். திறக்கவில்லை.

"இதுவும் ஷெல்தானே?" மேலாளர் கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

"இல்ல சார். இது நிஜம்."

"என்கிட்ட தேறுச்சே அண்ணி," என்றாள் நாத்தனார், குரல் இறங்கி.

இருவரும் சேர்ந்து தேடினார்கள். கதவின் சென்சாரைப் பார்த்துக்கொள்ளும் குழு முந்தின நாள் சமிக்ஞையை மாற்றியிருந்தது. அந்த மாற்றம் நாத்தனாரின் கணினிக்கு இன்னும் வந்திருக்கவில்லை. அவளுடைய ப்ரோக்ராம் பழைய சமிக்ஞைக்கே காத்துக்கொண்டிருந்தது. அன்று எதுவும் அனுப்பவில்லை. மேலாளர் வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். திருத்திய ப்ரோக்ராம் மறுநாள்தான் அவரிடம் போய்ச் சேர்ந்தது.

சிவப்பு வந்த அன்று மாலை வீடு திரும்பும் பேருந்தில் நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள். இறங்கியதும், "எல்லார் முன்னாடியும் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அண்ணி," என்றாள்.

"மெஷின்லயும்தானே தப்பு இருந்துச்சு. சரியாத்தான் சொன்னே."

சொல்லிவிட்டாளே தவிர, அண்ணிக்கு மனம் ஆறச் சில நாள் பிடித்தது.