ஆஸ்திரேலியாப் புழுக்கை

நன்னிலத்தில் எங்கள் தெரு ஆண்கள் துபாய்க்கும் சவூதிக்கும் போனார்கள். அம்மாவின் தம்பியான என் மாமா மட்டும் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆட்டுப் பண்ணைக்குப் போனார். மாமி எங்கள் வீட்டோடு இருந்தார்.

போனில் மாமா என்னிடம் பேசியதெல்லாம் வொம்பாட் என்ற விலங்கைப் பற்றித்தான். கரடிக்குட்டி போலிருக்குமாம். பகலெல்லாம் வளையில் தூங்கிவிட்டு இருட்டியதும் புல் மேய வருமாம். நாய் துரத்தினால் வளைக்குள் புகுந்து, கெட்டியான பின்புறத்தால் வாசலை அடைத்துக்கொள்ளுமாம். தோண்டும் மண் குட்டிமேல் விழாதிருக்க, அதன் வயிற்றுப் பை பின்பக்கமாகத் திறந்திருக்குமாம்.

அத்தனையையும் ஆறாம் வகுப்பில் அவிழ்த்துவிட்டேன். வாயைப் பிளந்து கேட்டவர்கள், அதன் புழுக்கை பெருங்காயக் கட்டி போலச் சதுரமாக இருக்கும் என்றதும் சிரித்துவிட்டார்கள். டீச்சரும் சிரித்தார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"எங்க மாமா கொண்டாருவாங்க. அப்ப பாருங்க" என்றேன்.

ஊரைவிட்டுப் போய் மூன்று வருடம் ஆகியிருந்த மாமா, அடுத்த மாதமே ஒரு சனிக்கிழமை விடுமுறையில் வந்தார். போனில் எனக்குக் கொடுத்த வாக்கை அவர் தவறவில்லை. நான்கு புழுக்கைகளைக் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் வைத்திருப்பதாகவும், திங்கட்கிழமை எடுத்துப்போகலாம் என்றும் என் காதில் சொன்னார். அந்த வகுப்பையே விலைக்கு வாங்கிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

சாயங்காலம் மாமாவைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் கூடத்தில் நிறைந்திருந்தார்கள். மாமி சாம்பிராணிச் சட்டியுடன் வந்தார். திடீரென்று வைக்கோல் கருகும் வாடை எழுந்தது. சட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். என் நான்கு கட்டிகளும் தணலில் புகைந்துகொண்டிருந்தன.

"மாமி, அது வொம்பாட் புழுக்கை" என்று கத்தினேன்.

கூடமே மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மாமி சிரிக்கவில்லை.

"தெருவுல எல்லாரும் பொண்டாட்டிக்குப் புகைபோட வாசனை ஊது கொண்டாருவாங்க. பையில முடிஞ்சு வச்சிருந்ததப் பாத்து, நீங்களும் எனக்குத்தான் வாங்கியாந்தீங்கன்னு நெனச்சுட்டேன்" என்றார் மாமாவிடம்.

எல்லோரும் போன பிறகு, சாம்பலைக் கிளறிக்கொண்டே மாமி கேட்டார். "அது கூட்டமா இருக்குமா?"

"இல்ல, தனியாத்தான். அதது வளையில" என்றார் மாமா.

"கஷ்டமா இருக்காதா அதுக்கு?"

மாமா வாயெடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். எனக்குத் தெரியாத வொம்பாட் சங்கதி ஒன்று உண்டா என்ன?

"பழகிடும் மாமி" என்றேன்.

மாமி என்னைப் பார்க்கவில்லை, மாமாவையே பார்த்தார். மாமா சட்டியை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனவர், வெகுநேரம் உள்ளே வரவில்லை.

திங்கட்கிழமை தீப்பெட்டியில் சாம்பலைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒருவரும் நம்பவில்லை. பரவாயில்லை, அடுத்த தடவை ஒரு டப்பா நிறையக் கொண்டுவரச் சொல்லலாம் என்றிருந்தேன்.

மாமா திரும்பிப் போகவே இல்லை. மயிலாடுதுறையில் ஒரு செருப்புக்கடை வைத்தார். கடை திறந்த அன்று மாமி புதுச் சேலையில் கல்லாவுக்குப் பக்கத்தில் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் மட்டும் மாமாவோடு பேசவில்லை. இனி எனக்கு யார் புழுக்கை கொண்டுவருவார்கள் என்று அவர்மேல் அவ்வளவு கோபம்.