சிவராசா மாமா திறக்காத கதவு

செய்தி எங்கள் வீட்டுக்குத் தமிழ் வானொலி வழியாகத்தான் வந்தது. சனிக்கிழமை மத்தியானம், நானும் அம்மாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். யாழ்ப்பாணத்தில் பிறந்து ஒஸ்லோ ஹவுகன்ஸ்டுவாவில் வசித்துவந்த சிவராசா மாரடைப்பால் காலமானார் என்று அறிவிப்பாளர் வாசித்தார். "எந்தச் சிவராசா?" என்று அம்மா கேட்டார். எங்களுக்கே நாலைந்து சிவராசாக்களைத் தெரியும். அம்மாவுக்குப் பதில் சொல்வதுபோல அறிவிப்பாளர் தொடர்ந்தார்: "நண்பர்களால் 'கதவு' என அன்போடு அழைக்கப்பட்டவர்."

அம்மா என்னைப் பார்க்காமல் சோற்றைப் பார்த்தார். அந்தப் பெயரை வைத்தது நான்.

இது ஒளித்துவைத்த விடயம் அல்ல. முப்பத்தோராம் நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர், அன்று நான் வானொலியில் அதைச் சொன்னபோது கேட்டுச் சிரித்தவர்கள். இருந்தும் அவருடைய மனைவி, எங்கள் மாமி, "புத்தகம் படிக்கிற பிள்ளை, நீர்தான் எழுதவேணும்" என்று என்னிடம் வந்து கேட்டார். மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

சிவராசா மாமாவுக்கு ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு தமிழ்க்கடை இருந்தது. முன்பக்கம் அரிசி மூட்டைகள், பின்பக்கம் வாடகைக்குத் தமிழ்ச் சினிமாப் படத்தட்டுகள். சனிக்கிழமைகளில் கடையை மாமியிடம் விட்டுவிட்டு வானொலியில் அரசியல் கதைக்க வந்துவிடுவார். 2004 இலையுதிர்காலத்தில் அமெரிக்க சனாதிபதித் தேர்தல்தான் அவருடைய நிகழ்ச்சி. முழுத் தேர்தலையும் அவர் படம் பார்ப்பதுபோலவே பார்த்தார். பதவியில் இருந்தவரை எதிர்த்துப் போட்டியிட்டவர் கருத்துக்கணிப்பில் பின்தங்கினால், "இடைவேளைக்கு முதல் அடி வாங்கிறவன்தான் கதாநாயகன். கதிரையை விட்டு எழும்பாதேங்கோ" என்பார். உப சனாதிபதி வேட்பாளர் அவருக்குக் கதாநாயகனின் நண்பன். "அவர் பகிடி விடோணும், கடைசியிலை குண்டும் வாங்கோணும். வேறை வேலை இல்லை."

எனக்கு அப்போது பதினைந்து வயது. இவ்வளவு பெரிய விடயத்தைப் படக்கதையாகச் சொல்கிறாரே என்று கோபத்தோடு நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். போர் நடக்கும்போது மக்கள் தலைவரை மாற்றிய நாடுகளின் வரலாற்றை நேயர்களுக்குச் சொல்லவேண்டாமா என்று கேட்டேன்.

"பிள்ளை, எத்தினையாம் வகுப்பு?"

"பத்தாம் வகுப்பு, மாமா."

"அப்ப அடுத்த கிழமை இஞ்சை வாரும். நான் படம் சொல்லுறன், நீர் சரித்திரம் சொல்லும். சனம் எதை நம்புதெண்டு பாப்பம்."

அப்படித்தான் நான் அவருடைய சக அறிவிப்பாளர் ஆனேன். நிலக்கீழ் அறை, இரண்டு ஒலிவாங்கிகள், ஒரு தேத்தண்ணிப் போத்தல். நூலகத்திலிருந்து நோர்வேஜிய மொழி வரலாற்றுப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு போவேன். பதவியில் இருந்தவரை உரோமப் பேரரசர்களோடும், யானைப்படையை நம்பிக் கெட்ட மன்னர்களோடும் ஒப்பிட்டேன். நாங்கள் இருவரும் எதிர்த்துப் போட்டியிட்டவரின் பக்கம்தான். என் வகுப்பிலும் எல்லோரும் அந்தப் பக்கம்தான். ஒரு ஒப்பீட்டைச் சொன்னால் உடனே தொலைபேசி அடிக்கும். ஒரு காரணத்தைச் சொன்னால் அடிக்காது. இதை நான் மிக விரைவாகக் கண்டுபிடித்துவிட்டேன். அதற்குப் பிறகு புத்தகங்களில் நான் தேடியது உவமைகளை மட்டும்தான்.

வேட்பாளர்களின் தொலைக்காட்சி விவாதம் ஒன்றுக்குப் பிறகு வந்த சனிக்கிழமை அது. எங்கள் ஆள் வென்றுவிட்டார் என்று சொல்ல நான் ஆயத்தமாக வந்திருந்தேன். சிவராசா மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "நேயர்களே, ஒண்டு சொல்லவேணும். ஒரு கேள்விக்கு மற்றாள்தான் நேராப் பதில் சொன்னவர். எங்கடை ஆள் சுத்தி வளைச்சவர். எனக்கும் விருப்பமில்லை, ஆனா அதுதான் நடந்தது" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முற்றுகையிடப்பட்ட கோட்டையின் கதவை உள்ளிருந்தே எதிரிக்குத் திறந்துவிடும் மந்திரியைப் பற்றி அந்த வாரம்தான் படித்திருந்தேன். "மாமா, கோட்டைக் கதவைத் திறந்துவிட்ட மந்திரி நீங்கள்தான்!" என்று ஒலிவாங்கிக்குள் சொன்னேன்.

உடனே தொலைபேசியின் எல்லா விளக்குகளும் எரிந்தன.

மாமா கோபப்படவில்லை. என் ஒலிவாங்கியை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டு, "வடிவாச் சொன்னீர் பிள்ளை. ஏன் எண்டும் சொல்லும்" என்றார்.

என்னிடம் காரணம் இருக்கவில்லை. "ஏனெண்டு சரித்திரத்துக்குத் தெரியும்" என்று சொல்லிச் சிரித்தேன். அதற்கும் தொலைபேசி அடித்தது. அழைத்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணை, காட்டிக்குடுக்கிறது எங்கடை ஆக்களுக்குப் புதுசே?" என்று ஒரு மாதிரிக் குரலில் கேட்டார். மாமா உடனே, "தம்பி, இது சண்டைக்காட்சி. இஞ்சை விழுற அடி மெய்யான அடி இல்லை. இப்ப பாட்டு" என்று பாட்டைப் போட்டுவிட்டார். எவரையும் கதைத்து முடிக்கவிடுகிற அவர், அந்த அழைப்பை இடையில் வெட்டியதை நான் கண்டேன். கண்டும் அதைப் பற்றி ஒன்றும் யோசிக்கவில்லை.

அன்றும் வழக்கம்போல லோறென்ஸ்கூக்கில் இருக்கும் எங்கள் வீடுவரை தன் வான் வண்டியில் என்னைக் கொண்டுவந்து விட்டார். கணிதப் பரீட்சையைப் பற்றித்தான் விசாரித்தார். அடுத்த சனிக்கிழமை நிகழ்ச்சியைத் தொடங்கும்போது, "வணக்கம், கதவு கதைக்கிறன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட நான் கூடச் சிரித்தேன். அவருக்கு அந்தப் பெயர் பிடித்துவிட்டது என்று பெருமைப்பட்டேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பட்டப்பெயர் வந்தால் அது போகாது என்பது உங்களுக்குத் தெரியும். தேர்தல் முடிந்தது, எங்கள் ஆள் தோற்றார், நிகழ்ச்சியும் நின்றது. பெயர் நிற்கவில்லை. ஒருநாள் அப்பாவோடு கடைக்குப் போயிருந்தேன். வாசலில் இரண்டு பொடியன்கள், "கதவு அண்ணை, கதவைத் திறவுங்கோ! உங்களுக்குப் பழக்கம்தானே!" என்று கத்தினார்கள். அவர்களுக்கு அமெரிக்கத் தேர்தல் ஞாபகமே இருந்திருக்காது. மாமா சிரித்தபடி குனிந்து, நேராக இருந்த அரிசி மூட்டையை மறுபடியும் நேராக்கினார். நான் படத்தட்டுகள் இருந்த பக்கம் போய் நின்றுகொண்டேன்.

செத்தவீட்டுக்கு அடுத்தநாள் மாமி எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னது இது: "ஊரிலை எங்கடை ஒழுங்கையிலை, அந்தச் சின்னத் தெருவிலை, ஒரு ஆளுக்கு அப்பிடி ஒரு பேர் வந்தது, பிள்ளை. ஆரோ பகிடிக்குச் சொன்னதுதான். பேந்து அந்த வீட்டிலை ஒருத்தரும் ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கேல்லை. இவர் அதைப் பாத்து வளந்தவர். அதுதான் ரேடியோவிலை தானே முந்திச் சொன்னவர். தான் பகிடியாச் சொன்னா, மற்றவை அதைவிடப் பெரிசாச் சொல்லமாட்டினமாம்."

துரோகி என்ற சொல்லைத்தான் மாமி சொல்லாமல் விட்டார். எத்தனையோ நூற்றாண்டுக்கு முந்திய கோட்டைகளைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது. அவர் வளர்ந்த ஒழுங்கையைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், ஒரு தடவையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

"அப்ப ஏன் மாமி அறிவித்தலிலை அந்தப் பேரைப் போட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"போடாட்டி ஆர் வருவினம்? சிவராசா எண்டா ஆருக்குத் தெரியும்?"

அப்போது அவர்களுடைய மகள் துளசி பக்கத்தில் இருந்து பென்சிலால் படம் கீறிக்கொண்டிருந்தாள். அவள் மூன்றாம் வகுப்பு. தமிழ்ப் பாடசாலையில் பிள்ளைகள் அவளைக் 'கதவின்ரை மகள்' என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். அவள் தலையை நிமிர்த்தி, "அக்கா, அப்பா எந்தக் கதவைத் திறந்தவர்?" என்று கேட்டாள்.

மாமியும் என்னைப் பார்த்தார். ஏன் எண்டும் சொல்லும் என்று மாமா அன்று என்னிடம் கேட்டதற்கு, இரண்டு வருடம் கழித்து அவருடைய மகளிடம்தான் நான் பதில் சொன்னேன். "ஒரு கதவையும் திறக்கேல்லையம்மா. ஒரு கேள்விக்கு மற்றாள் நல்லாப் பதில் சொன்னவர் எண்டு அப்பா உண்மையைச் சொன்னவர். அவ்வளவுதான்."

துளசி பென்சிலைக் கீழே வைத்தாள். "அதுக்கா?" என்றாள்.

சிவராசா மாமாவிடமிருந்து என்னிடம் இருப்பவை, ஒலிவாங்கியை என் பக்கம் தள்ளிவிட்ட அந்தக் கையும் அவர் கேட்ட 'ஏன்' என்ற கேள்வியும்தான். இன்று இந்த வீட்டு வாசலில் துளசி நிற்பாள். நீங்கள் திரும்பிப் போகும்போது அவளிடம், சிவராசாவின் மகள்தானே என்று கேளுங்கள்.