மாமனார் விசில்

ரைபிள் கிளப்பில் தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை. சுட்டு முடித்த காலி உறைகளை வீட்டிலேயே நிரப்பி மிச்சம் பிடிக்கக் கிளம்பினேன். ஆரியசாலை வீட்டு மாடியில், ஜன்னலோரம் உறைகளை நிறுத்தி வெடிமருந்து போட்டாயிற்று. குண்டு வைத்து மூடுவதுதான் பாக்கி.

திடீரென்று மெல்லிய விசில். செத்துப்போன மாமனாரின் அதே விசில்! இந்த வீரன் கட்டிலுக்கடியில் புகுந்தான்.

மலையாளம் கலந்து பேசும் மனைவி வந்தாள். "அங்க எந்தா பணி?"

"உங்கப்பா விசிலடிக்கிறாரு!"

அவள் உறைகளைக் குனிந்து பார்த்தாள். "காத்தாக்கும். எல்லாத்துலயும் மருந்து இருக்கு, இது ஒண்ணு காலி. அதான் ஊதுது."

வெளியே வந்து பார்த்தேன்; உண்மைதான். மருந்தில்லாமல் அதை மூடிச் சுட்டிருந்தால், உறையின் அடியிலுள்ள பொறி மட்டும் வெடித்து, குண்டு பாதி வழியில் குழலிலேயே சிக்கியிருக்கும். அடுத்த முறை சுடும்போது துப்பாக்கி என் முகத்தில் வெடித்திருக்கும்.

இப்போது தோட்டாவை விலைக்குத்தான் வாங்குகிறேன். காற்றுதான் என்று நானும் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் கட்டிலுக்கடியிலிருந்து நான் பார்த்தவரை, ஜன்னல் திரை அசையவேயில்லை.